பாதைக்கு ஓடிய நெஞ்சு

அக்கா,

இன்று காலை பசறையிலிருந்து வந்த ஒரு பெண், ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டிறங்கி நேராக வந்து என் ஈ.சி.ஜி. கட்டிலில் படுத்தார். விரல்களில் தேயிலைக் கொழுந்துக் கறை. உன் விரல்களேதான். காகிதத்தில் துடிப்புகள் ஓட்டமாக ஓடின. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேஸ்மேக்கரின் மெல்லிய குத்துக்கோடு. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி எடுத்தேன். வேகம் தணிந்திருந்தது.

உன் நெஞ்சில் வைத்ததும் அதே வகைதான். உடம்பு குலுங்கினால் ஆள் நடக்கிறாள் என்று நினைத்துத் துடிப்பைக் கூட்டும். லுணுகலை பஸ் குலுக்கினாலும் கூட்டும். ஆனால் கொழுந்துச் சுமையோடு குனிந்து மெல்ல மெல்ல மலை ஏறுகிறவளுக்கு உடம்பு அவ்வளவாகக் குலுங்குவதில்லை. மூச்சுத்தான் வாங்கும்.

"சும்மா உக்காந்திருந்தா ஓடுது, மலை ஏறுனா தூங்குது. இது யாருக்குடா வேல செய்யுது?" என்றாய்.

கட்டிலில் படுத்தால் உன் கோடுகள் அத்தனை ஒழுங்கு. அதைக் காட்டியபோது, அப்படியென்றால் இனிமேல் படுத்துக்கொண்டே கொழுந்து எடுக்கிறேன் என்று சிரித்தாய். மூச்சு வாங்கி, சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டரும் பேஸ்மேக்கரின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார். கூட்டினால் பஸ்ஸில் நெஞ்சு படபடத்தது; குறைத்தால் மலையில் கண் இருட்டியது. மலைக்குப் போகாதே என்று எல்லோரும் சொன்னோம். சொல்ல எங்களுக்கென்ன? காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேரை வெட்டிவிட்டால், தோட்டம் கொடுத்த லயத்து வீடு என்னாவது என்று கேட்டாய். மறுநாளும் மலைக்குப் போனாய்.

மலையில் சரிந்த உன்னைத் தோட்டத்து லொறியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நான்தான் வயர்களை மாட்டினேன். குத்துக்கோடுகள் வேகவேகமாக வந்தன. ஒன்றின் பின்னாலும் துடிப்பு இல்லை. நம் அம்மா காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"கோடு வருதே தம்பி. உசுரு இருக்குல்ல?"

"அது மெஷினும்மா. லொறி குலுக்குனதுக்கு ஓடுது."

நீ ஏறிய மலைக்கெல்லாம் ஓடாதது, நீ போன பிறகு பாதைக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதை அம்மா இன்னும் நம்பவில்லை. கோடு வந்ததே, ஏன் விட்டுவிட்டாய் என்றுதான் கேட்கிறார். எனக்கும் யாருடைய காகிதத்திலாவது அந்தக் கோடு தெரிந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. பின்னால் துடிப்பு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறேன்.