யாஸ்னா வீட்டுக்கு யாரும் கொடுக்காத சூப்

கலாமா, சுரங்க முகாம்

என் குண்டனுக்கு,

ஏழு நாள் சுரங்கத்தில் லாரி ஓட்டிவிட்டு, போன வாரம் விடுப்பில் கோகிம்போவுக்கு, நம் வீட்டுக்கு வந்தவள் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? நம்முடையதல்லாத ஐந்து பாத்திரங்களைக் கழுவியதுதான். எல்லாவற்றிலும் கோழி சூப் வாடை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். எதிர்வீட்டு ஹெர்மினியா கதவைத் திறந்ததும், "பாவம்மா உன் புருஷன், ஒத்தையா கெடந்து வாடுறாரு. நீ எப்பதான் வேலைய விடுவே?" என்றாள். தெருவில் என்ன முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தாய் நீ?

பக்கத்து வீட்டு எலிசேயோவும் என்னோடு அதே பஸ்ஸில்தான் சுரங்கத்துக்கு வருகிறான். அவன் மனைவி யாஸ்னா மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, மருந்துக்கடை வேலைக்கும் போகிறாள். அவளுக்கு யாராவது சூப் கொடுத்தார்களா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கு எதுக்குடி? நான் பொம்பளதானே!"

இங்கே என்னைப் புது லாரி ஓட்டுநர்களுக்குப் பயிற்சியாளர் ஆக்குகிறார்கள். நீ வாடுகிறாய் என்று நம்பி, வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். அதற்குள் நீயே சூப் வைத்து, பட்டப்பகலில், தெருவே பார்க்க யாஸ்னா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடு. நம் பாத்திரத்திலேயே கொண்டுபோ. அது அடுப்புக்குக் கீழே, போன மாதம் நான் கவிழ்த்து வைத்த இடத்திலேயே தூசியோடு இருக்கிறது.

வேலைக்குப் போயிருக்கும்
உன் மனைவி