கிள்ளிப் பார்த்த சனிக்கிழமைகள்

மார்ச் 4, செவ்வாய்

விதைப் பரிசோதனைக் கூடத்தில் இன்று ஈரத்தாள் சுருள்களைப் பிரித்து, முளைத்ததை எண்ணும் நாள். வெண்டை விதை. பாதிக்கு மேல் முளைத்திருந்தது. மீதி போட்டது போட்டபடி கிடந்தது. பக்கத்து மேசைக்காரி அதையெல்லாம் ஒரேயடியாக வழித்துச் ‘செத்தது’ தட்டில் தள்ளப் போனாள். லென்ஸைக் கழுத்தைவிட்டுக் கழற்றவே மாட்டாள் என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கையைத் தட்டிவிட்டேன். முளைக்காததெல்லாம் செத்ததாகிவிடாது. இடுக்கியால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். கொழகொழவென்று நசுங்கினால் செத்தது. கெட்டியாக நின்றால் உள்ளே உயிர் இருக்கிறது, உறங்குகிறது, அவ்வளவுதான்.

“உனக்குச் சாவே பிடிக்காதுடி,” என்றாள்.

பிடிப்பதற்கு அது என்ன சினிமாவா?

மார்ச் 8, சனி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அதே கட்டில், அதே காற்று மெத்தை. புண் வராமலிருக்க வாங்கிய மெத்தை. ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் வற்றி, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வீட்டில் அதிகம் அசைவது அதுதான். அதன் மேல் அண்ணன், விழித்த கண்ணோடு.

போன வருடம் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் இதயத்தை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். அது நின்ற நேரத்துக்கு மூளை பட்டினி கிடந்துவிட்டது. மூச்சு அவனுடையதேதான், மெஷின் கிடையாது. கண் திறக்கிறான், மூடுகிறான். கூப்பிட்டால் பார்ப்பதில்லை.

அண்ணி காபி கலக்க உள்ளே போனதும் வழக்கம்போல் இடது கையில், முழங்கைக்கு மேலே உட்பக்கமாகக் கிள்ளினேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இல்லை.

மார்ச் 10, திங்கள்

“அண்ணன் எப்படி இருக்காரு? ஏதாவது தெரியுதா?” பூதக்கண்ணாடிக்குத் திங்கட்கிழமை என்றால் இதைக் கேட்டாக வேண்டும்.

“இன்னும் இல்ல,” என்றேன். ‘இன்னும்’ என்பதை நான் ஒருநாளும் விடுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் உயிருள்ளவை, உயிரற்றவை என்று நடுவில் கோடு போட்டு எழுதியது ஞாபகம் வந்தது. அசையும், மூச்சு விடும், தின்னும், கழிக்கும், வளரும், இனம் பெருக்கும், தூண்டினால் துலங்கும். அண்ணனுக்குப் போட்டுப் பார்த்தேன். மூச்சு இருக்கிறது. மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு போகிறது, கீழே கழிவு வருகிறது. நகம் வளர்கிறது, தாடி வளர்கிறது. பெருக்கிய இனம் ஒன்று கப்பலில் வேலை பார்க்கிறது, ஞாயிற்றுக்கிழமை போனில் அழுகிறது. கடைசிக் கேள்வியில்தான் அண்ணன் ஃபெயில். துலங்காதவனெல்லாம் உயிரற்றவன் என்றால் எங்கள் அலுவலகத்தில் பாதி நாற்காலியை முதலில் காலி செய்ய வேண்டும்.

மார்ச் 15, சனி

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போகட்டும்.

அண்ணி சொன்னது: “ஒரு இல்லம் பாத்திருக்கேன். இவர மாதிரி ஆளுங்கள வச்சுப் பாத்துக்கறாங்க. எடம் காலியானா கூப்புடுவாங்க. பேரு குடுத்துட்டேன்.”

குடுத்துட்டேன்! கேட்டாளா என்னை? கூடப் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை? “அண்ணன் உயிரோடதானே இருக்கான் அண்ணி?” என்றேன். “யாரு இல்லன்னா?” என்று சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். உள்ளே போய் மூக்கைச் சிந்துகிற சத்தம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்.

இன்னொன்றும் பார்த்தேன். அண்ணன் கையில் பச்சையும் மஞ்சளுமாகத் தடம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுக்கிறார்கள், பட்டாலே கன்றிவிடும் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். எப்படித்தான் தூக்கிப் போடுகிறாளோ. மூட்டை என்று நினைத்துவிட்டாள். மூட்டைக்கு என்ன, எந்தக் குடோனில் போட்டாலும் கிடக்கும்.

இந்த முறை கொஞ்சம் அழுத்தியே கிள்ளினேன். கண் சிமிட்டினான். கிள்ளியதற்கா, தானாகவா? மறுபடி கிள்ளினேன். இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

சிமிட்டினான். அது எனக்குத் தெரியும்.

மார்ச் 19, புதன்

அந்த வெண்டை விதைகள் இன்னும் அப்படியேதான். சாகவும் இல்லை, முளைக்கவும் இல்லை. தலைமை ஆய்வாளர் வந்து நின்றார். “எத்தன நாளைக்கும்மா இதுங்களுக்குத் தாலாட்டுப் பாடுவ? வெட்டிப் பாத்துடு.”

வெட்டினேன். நீளவாக்கில் பிளந்து கரைசலில் ஊற வைத்தால், உயிருள்ள பாகம் சிவக்கும். செத்தது வெள்ளையாகவே இருக்கும். மத்தியானம் எடுத்தபோது அத்தனையும் சிவப்பு. நான் சொன்னதுதான் சரி! பூதக்கண்ணாடி முகத்துக்கு நேரே தட்டைக் காட்டினேன்.

“ஜெயிச்சுட்ட தாயே,” என்றாள். “இப்ப அத வச்சு என்ன செய்வ? பொளந்தத நடவா முடியும்?”

குப்பையில் கொட்டினேன். இருபது வருடமாக இப்படித்தான் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

எழுதாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சண்டை கேட்டது. அண்ணி குரல். “ராத்திரி பூரா இருமி என்னத் தூங்க விடல. இப்ப பாருங்க, மகாராஜா கணக்கா கெடக்குறீங்க! மேல் வீட்டுக்காரன் தண்ணி மோட்டார எரிச்சுட்டான். எவனோ ஒருத்தன் வந்து பாத்துட்டுப் புதுசுதான் வாங்கணும்னு சொல்லிட்டுப் போறான். மோட்டார் வைத்தியர வீட்டுல வச்சுக்கிட்டு இந்தக் கொடுமை. வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சொன்னா என்னவாம்?”

யாரோ விருந்தாளி என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன். யாருமில்லை. அண்ணி அண்ணனுக்கு முகம் சவரம் செய்துகொண்டிருந்தார், கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளச் சொல்வதுபோல் தன் கன்னத்தை உப்பிக் காட்டிக்கொண்டு.

அப்போதே திரும்பியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. சோப்பு நுரை போவதற்குள் ஆரம்பித்தேன். இல்லம் கூடாது, அண்ணன் சிமிட்டினான், அவன் கையில் காயம் இருக்கிறது, யார் பதில் சொல்வது—

அண்ணி கத்தியை மடக்கி வைத்தார். அண்ணனின் இடது கையைத் தூக்கி உட்பக்கத்தைத் திருப்பினார். நீலத்தில் ஒன்று, அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே மஞ்சள்.

“இத யாரு செஞ்சதுன்னு எங்கிட்டயா கேக்குற?”

எனக்கு உடனே புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை.

“நீ வந்துட்டுப் போனா மறுநா காலைல புதுசா ஒண்ணு இருக்கும். நான் காபி கலக்கப் போறதே ஒனக்காகத்தான், தனியா அண்ணங்கிட்ட நாலு வார்த்த பேசட்டும்னு. ஒருநா எட்டிப் பாத்தேன். கிள்ளிட்டு மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற. சரி, பாசம், பாத்துட்டுப் போகட்டும்னு விட்டேன். நீ நிறுத்துற மாதிரி தெரியல.”

“உயிர் இருக்கான்னு—”

“அத நீ கிள்ளித்தான் தெரிஞ்சுக்கணுமா? உயிரோட இருந்தா பசிக்கும். பேளணும். பொரட்டிப் போடலன்னா முதுகு புண்ணாயிடும். சளி கட்டுனா உறிஞ்சி எடுக்கணும். அதெல்லாம் நானு. கிள்ளுறது மட்டும் நீயா? ஒனக்கு அண்ணன் வேணுமா, ரிசல்ட் வேணுமா?”

அழவில்லை அவர். சாதாரணமாக, பால்காரரிடம் கணக்குக் கேட்பதுபோல் கேட்டார். பிறகு முந்தானையை விலக்கித் தன் இடுப்பில் வலிக்காகக் கட்டியிருந்த பட்டையைக் காட்டினார். முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறதாம், இனிமேல் தூக்காதே என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறதாம். “இல்லத்துக்கு ஆசப்பட்டா பேரு குடுத்தேன்?”

அன்றைக்கு அண்ணி காபி கலக்க உள்ளே போகவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

என் கையிலேயே அதே இடத்தில் கிள்ளிப் பார்த்தேன். வலிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 26, புதன்

மூன்று நாளாக அண்ணிமேல்தான் கோபமாக இருக்க முயல்கிறேன். அது சுலபம். ஒளிந்து பார்த்தாரே, அன்றைக்கே சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனா? ம்ஹூம். சிமிட்டினான் என்று சாதித்திருப்பேன்.

விதையில் இடுக்கித் தடம் விழும். அது யார் போட்டதென்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அந்தத் தட்டு நேராகக் குப்பைக்குத்தான் போகும். அண்ணன் கையில் அதே தடத்தைப் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் ஆள் தேடியிருக்கிறேன். சீ.

அவன் மோட்டாரைப் பார்க்கிற விதம் வேறு. ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக்கொள்வான். “இன்னும் உசுரு இருக்கு, அவசரப்பட்டுப் பிரிக்காதீங்க,” என்பான். இரும்புக்கே அந்த மரியாதை கொடுத்தவனை நான்…

அண்ணிக்குப் போன் செய்தேன். வெள்ளி சாயங்காலம் வந்து திங்கள் காலை வரை இருக்கட்டுமா என்று கேட்டேன்.

“கிள்ள மாட்டியே?” என்றார்.

இந்த வார்த்தையை அவர் என் சாவு வரைக்கும் விட மாட்டார்.

மார்ச் 29, சனி

புரட்டத் தெரியவில்லை எனக்கு. தோளைப் பிடித்து இழுத்தேன். “கழுத்து திருகிடும், இடுப்புல கை குடு, முட்டிய மடக்கு, ம், இப்ப!” அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மிலிட்டரிக்காரர்போல் உத்தரவு போடுகிறார். கனக்கிறான். ஒல்லியாகிவிட்டானே என்று தினமும் வருத்தப்பட்டவள் நான். துணி மாற்றும்போது பாதியில் விட்டேன். வாசலுக்கு ஓடிப்போய்ப் படிக்கட்டில் நின்றேன். அண்ணனைச் சுத்தம் செய்வது புண்ணியம் என்று யாராவது என்னிடம் சொன்னால் அறைவேன். நாறுகிறது, அவ்வளவுதான். திரும்பிப் போய் மீதியைச் செய்தேன்.

அண்ணி மத்தியானம் படுத்தவர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தார். எழுந்ததும் முதலில் அவன் இடது கையைத்தான் பார்த்தார். பார்க்கட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

“அண்ணன் எப்படி இருக்காரு? ஏதாவது தெரியுதா?”

“சளி பிடிச்சிருக்கு,” என்றேன். “வலது பக்கம் படுக்கவச்சா ஒத்துக்க மாட்டேங்குறான், இருமுறான். நகம் வேற வெட்டணும்.”

பூதக்கண்ணாடி லென்ஸை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். நான் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, ‘இன்னும் இல்ல’ என்பதைச் சொல்லவில்லை என்று.

தூக்கம் போதவில்லை. இடுப்பு விட்டுப்போகிறது. இது அண்ணிக்கு ஒரு வருடமாக.

ஏப்ரல் 12, சனி

அண்ணன்மேல் கோபம் வந்தது. குழாயில் கஞ்சி ஊற்றி முடித்ததும் எல்லாவற்றையும் என் மேலேயே கக்கினான். “ஏண்டா இப்படி உயிர வாங்குற?” என்று கத்திவிட்டேன். உள்ளிருந்து அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இல்லத்திலிருந்து போன். இடம் காலியாகியிருக்கிறது, நாளைக்கே கொண்டு வரலாம்.

அண்ணி போனைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீயே சொல்லு. நீதானே வேணாம்னு அன்னைக்குக் குதிச்ச.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே அண்ணியைத் திட்டி இந்த நோட்டை நிரப்பினேன். ஆனால் என் சட்டையில் நேற்றைய கஞ்சி வாடை. அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி, அதற்கும் அடுத்தது… என் வீட்டு மெத்தை, மின்விசிறி, யாரும் இருமாத ஒரு ராத்திரி. அங்கே நன்றாகத்தானே பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குள்ளேயே ஒரு குரல் பேச ஆரம்பித்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணி முகத்தில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை.

“எங்களுக்கு இப்ப வேணாங்க,” என்று போனில் சொன்னார். “பொரட்ட இப்ப ரெண்டு பேரு இருக்கோம். அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க.”

போனை வைத்துவிட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டினார். “தரையில என்ன எழுதியிருக்கு? வா, பொரட்டணும்.”

போனேன். இடுப்பில் கை கொடுத்தேன், முட்டியை மடக்கினேன். இருவரும் சேர்ந்து புரட்டினோம்.