நம்ம வீட்டு ரெண்டு ஓட்டு

மாமா,

இன்று காலை அங்கன்வாடியில் வேலை பார்க்கும் செல்வி வந்திருந்தாள். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாகப் போகும் வேலையையும் இப்போது அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கையிலிருந்த காகிதக் கட்டிலிருந்து இரண்டு படிவங்களை உருவி நீட்டினாள். ஒன்றில் என் படம். இன்னொன்றில் நீங்கள். எதிர்வெயிலில் வண்டி ஓட்டுகிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"ஐயா பேரு இன்னும் லிஸ்ட்ல இருக்கும்மா. எறந்துட்டாருன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுருங்க, நான் கொண்டு போயிர்றேன்" என்றாள். சொல்லிவிட்டு, சொன்ன விதம் சரியில்லையோ என்று தயங்கி நின்றாள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். ரேஷன் கார்டில் உங்கள் பெயரை எடுத்தபோதும், பென்ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்தபோதும் வராத கலக்கம் இதில் வந்தது. அவள் போன பிறகு கதவைக்கூடச் சாத்தாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான்குவழிச் சாலையில் போகும் வண்டிகளின் சத்தம் வேறு ஏதோ ஊரிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த மயக்கத்துக்குள் உங்கள் குரல் வந்தது. "நம்ம வீட்டுல ரெண்டு ஓட்டு. ரெண்டும் ஒங்களுக்குத்தேன்."

ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் வாசலில் நின்றபடி நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

கல்யாணம் ஆகி வந்த முதல் பாராளுமன்றத் தேர்தலில் நம் ஓட்டு எழுமலையில் இருந்தது. உங்களுக்கு அன்று லீவு. வேறொரு டிரைவர் ஓட்டிய பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்திருந்தீர்கள். ஒவ்வொரு வளைவிலும் உங்கள் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. இரண்டு பக்கமும் பருத்திக் காடு. மேற்கே மலை, கரைந்துபோன நீலமாகக் கூடவே வந்தது. சின்னத்தை எனக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தீர்கள். "மூணாவதா இருக்கும் புள்ள. மாத்திக் குத்திராத."

அட்டை மறைப்புக்குள் போய் நின்றேன். என்னைப் படிக்க வைத்தது அப்பா முடிவு. உங்களுக்குக் கட்டிக் கொடுத்ததும் அவர் முடிவுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்குப் போகலாம் என்றது நீங்கள். தீபாவளிக்கு என்ன நிறத்தில் சேலை என்பதைக்கூட அத்தைதான் சொல்வார்கள். எதிலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை. அன்றைக்குக் கையில் ஒரு ரப்பர் முத்திரை, முன்னால் ஒரு காகிதம், பக்கத்தில் ஒருவரும் இல்லை. உங்கள் சின்னத்துக்குக் கீழே இருந்ததில் குத்திவிட்டேன். அவர்கள் யார், என்ன சொல்கிறார்கள் என்றுகூட அப்போது யோசிக்கவில்லை. காரணங்கள் எல்லாம் பிறகு வந்தன.

"போட்டியா?" என்று கேட்டீர்கள்.

"போட்டேன் மாமா" என்றேன்.

கடைவீதியில் காராச்சேவு வாங்கிக் கொடுத்தீர்கள். அதைக் கொறித்துக்கொண்டே திரும்பி வந்தோம். உங்கள் முகத்தில் அம்புட்டுச் சந்தோஷம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கக் காதில் குரல்கள். டெல்லியில் வேலை பார்க்கும் மகனுக்காக மூன்று மணி நேரம் டிரங்க் காலுக்குக் காத்திருக்கும் அம்மாக்கள், பருத்தி விலை கேட்கும் வியாபாரிகள், பேச ஒன்றும் இல்லாமல் "நல்லாருக்கியா" என்று நாலு தடவை கேட்கிறவர்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தந்த பாடம். அந்தக் குரல்களிலிருந்துதான் நாட்டைப் பற்றி எனக்கென்று ஓர் எண்ணம் உண்டானது. அதை உங்களிடம் சொல்லாமல் இருப்பது கஷ்டமாகவே இல்லை. வேலையில் பழகியதை வீட்டிலும் செய்தேன்.

நீங்களோ நேர்மாறு. பேரையூர் ரூட்டில் வண்டி ஓட்டும்போதும் முன்சீட்டுக்காரரோடு அரசியல். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ரேடியோவைத் திருகிவிடுவீர்கள். "நாடு லாங் ரூட்டு வண்டி புள்ள. ஓட்டுறவனுக்கு அவசரம் இருக்கக் கூடாது" என்பீர்கள். எனக்கு, அவசரமாகக் கொண்டுபோக வேண்டிய சீக்காளி ஒருவன் வண்டிக்குள்ளே கிடக்கிறானே என்று தோன்றும். சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

உங்கள் ஆட்கள் தோற்றால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பீர்கள். எனக்கோ உள்ளுக்குள் குறுகுறுக்கும். கறி எடுத்து வந்து, மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்து, எழுப்பி உட்கார வைத்துப் பரிமாறுவேன். சரவணன் சின்னவனாக இருந்தபோது ஒரு தடவை கேட்டான்: "அப்பா தோத்தா மட்டும் ஏம்மா கறிக்கொழம்பு வைக்கிற?" நீங்கள் சிரிக்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். நான் அவனுக்கு இன்னொரு துண்டு எடுத்து வைத்தேன்.

அந்தச் சரவணன்தான் பெரியவனாகி, பெங்களூரில் வேலைக்குப் போய், உங்களோடு முட்டிக்கொண்டான். குடும்ப வாட்ஸப் குரூப்பில் அவன் ஏதோ போட, நீங்கள் பதில் போட, அது வளர்ந்து பொங்கலுக்கு வந்த இடத்தில் இலை முன்னாலேயே வெடித்தது. நீங்கள் கத்தவில்லை. "ஒங்கப்பன் முட்டாப்பயன்னு சொல்ல வாரியா?" என்று தணிந்த குரலில் கேட்டீர்கள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீ சொல்லு. நீ யாரு பக்கம்?"

அவன் சொன்னது அத்தனையும் என் மனசில் இருந்தது. முப்பது வருஷமாக அடைகாத்து வைத்திருந்ததை அவன் வாய் பேசியது. ஆனாலும், "அப்பா சொல்றதுதேன் எனக்கு" என்றேன். அவன் முகம் அப்படியே வாடியது. கையைக் கழுவிவிட்டு அன்றைக்கே கிளம்பினான். அடுத்த இரண்டு பொங்கலுக்கும் வரவில்லை. போனில் என்னோடு மட்டும் பேசுவான், அதுவும் சளியா, காய்ச்சலா என்று. நீங்கள் பக்கத்து அறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் பிள்ளை தனியாள் ஆனான் என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

பிறகு உங்களுக்கு வாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. சர்க்கரை கண்ணையும் மங்கலாக்கிவிட்டது. சரவணன் ஓடி வந்தான். உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டினான். இருவரும் அரசியலைப் பேசவே இல்லை.

கடைசித் தேர்தலுக்கு வந்தே தீருவேன் என்று அடம் பிடித்தீர்கள். ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்று அதிகாரி சொன்னார். இந்த ஓட்டின் ரகசியத்தைக் காப்பேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என் ஓட்டுக்கு இடது விரலில் மை, உங்களுக்குத் துணை போனதற்கு வலது விரலில் மை.

மறைப்புக்குள் முதன்முதலாக இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம். உங்கள் எடை முழுக்க என் தோளில். நான் உங்கள் சின்னத்தைத் தேடி விரலைக் கொண்டுபோனபோது காதருகே சொன்னீர்கள்: "ஒன்னோடதுலயே அமுக்கு புள்ள."

"என்ன மாமா சொல்றீக?"

"நான் தோத்த அன்னைக்கெல்லாம் கறிக்கொழம்பு. ஜெயிச்ச அன்னைக்கு ரசம். எனக்குத் தெரியாதா? சும்மா அமுக்கு."

எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்க அங்கே நேரம் இல்லை. 'பீப்' என்று அந்த மெஷின் நீளமாகக் கத்தி ஓய்ந்தது.

"அமுக்கிட்டியா?"

"அமுக்கிட்டேன்."

எதில் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆட்டோவில் என் மடியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே வந்தீர்கள். அதற்குப் பிறகும் கேட்கவில்லை. ஓட்டுப் போட்ட நாளுக்கும் எண்ணுகிற நாளுக்கும் நடுவில் அத்தனை வாரங்கள் இருந்தன. அதற்குள் போய்விட்டீர்கள்.

உங்கள் ஓட்டை எண்ணியபோது நீங்கள் இல்லை. சரவணன் டி.வி. முன்னால் இருந்தான். எனக்கு எண்ணிக்கை எதுவும் ஏறவில்லை. அந்த ஆயிரக்கணக்கில் எங்கோ உங்கள் ஒன்றும் உயிரோடு நகர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். டி.வி.யை அமர்த்தச் சொல்லி அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்டா. நான் ஒன் பக்கந்தேன். ஒனக்கு முன்னாலருந்தே."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியலயா?" என்றான். கண் கலங்கியிருந்தது, சிரிக்கவும் செய்தான். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. அன்றைக்கு உங்கள் சின்னத்தில்தான் அமுக்கினேன் மாமா. நீங்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்ள எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மறைப்புக்குள் தனி ஒருத்தியாக நின்றதுதான் என் ஆயுசில் எனக்கே எனக்கென்று கிடைத்த இடம். அதை உங்களிடமிருந்து எப்படி எடுத்துக்கொள்வேன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது சரவணன் போன் போட்டால் நாட்டு நடப்புதான் பேசுகிறோம். ஒரு விசித்திரம் நடக்கிறது. அவன் உங்கள் ஆட்களைக் கொஞ்சம் அதிகமாகத் திட்டினால் என்னால் பொறுக்க முடிவதில்லை. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா என்று ஆரம்பித்து, நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன். ஒத்துக்கொண்டு பேசவில்லை. உங்கள் பக்கத்தைப் பேச இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு சொல் தவறாமல் வருகிறது. எதிர்த்துக் கேட்டவளுக்குத்தான் அத்தனையும் மனப்பாடம் ஆகும்போல.

போன வாரம் அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. என்னை எப்போதும் 'நீ' என்றுதான் சொல்வான், உங்களைத்தான் 'நீங்க' என்பான். வேகத்தில், "நீங்க எப்பவும் இப்படித்தாம்ப்பா" என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

நான் திருத்தவில்லை. "ம், சொல்லுய்யா" என்றேன்.