லிட்கம் என்றொரு கன்று

ட்சும் பள்ளத்தாக்கு, நேபாளம்
27 சித்திரை 2025, ஞாயிறு

அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

முப்பத்து நான்கு வருடமாக உங்களை வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை. கடிதம் எழுத இருந்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது. விக்னராஜா என்று எழுதினால் வரித் திணைக்களத்திலிருந்து வந்த கடிதம் போல இருக்கும். ஆகவே இப்படியே இருக்கட்டும்.

நான் சுகமாக இருக்கிறேன். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, கால் விரலில் ஒரு கொப்புளம் மட்டும்தான். ஆறு நாளாக இங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. அங்கே சிட்னியில், பென்டில் ஹில்லில் பிள்ளைகளுக்குக் கார் பழக்கிக்கொண்டே ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நீங்கள் போனை எடுத்துப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அது குற்றம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவரும் நீங்கள்தான். பயப்பட வேண்டாம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் நாளைக் காலை கீழே இறங்குகிறார். சிக்னல் பிடிக்கிற முதல் இடத்தில் இந்தத் தாள்களைப் படம் எடுத்து உங்கள் வட்ஸ்அப்புக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்து விளங்காவிட்டால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

முதல் நான்கு நாளும் ஆற்றங்கரையோடு ஏற்றம்தான். ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் பள்ளம், நடுவில் என்னுடையதும் என் சிநேகிதி சபூராவுடையதும் மூச்சுச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் என்னைக் கட்டூம்பா மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் படிகளில் இறங்கி ஏற விட்டுவிட்டு, மேலே காருக்குள் பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தீர்களே, அதன் அருமை இங்கேதான் தெரிந்தது. உங்கள் முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால் நீங்களும் வந்திருக்கலாம். ஐந்தாம் நாள் ஒரு வளைவு திரும்பினோம். மலைகள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது போல இருந்தது. நடுவில் பச்சைப் பசேலென்று பார்லி வயல்கள். தட்டைக் கூரை போட்ட கல் வீடுகள், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த தூபிகள், கம்புகளில் படபடக்கும் மந்திரக் கொடிகள். எல்லாவற்றுக்கும் மேலே பனி. சபூரா கைத்தடியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். சிட்னியின் லிட்கமில் இருபது வருடம் மருந்துக்கடை நடத்தி, வருகிறவர்கள் எல்லாரையும் அதட்டிப் பழகிய மனுசி சின்னப் பிள்ளை போலக் கை தட்டினாள் என்றால் இடம் எப்படி என்று நீங்களே யோசியுங்கள்.

ஊருக்குள் போகிற பாதையின் நடுவே கல்லில் மந்திரம் செதுக்கி அடுக்கிய நீளமான சுவர்கள் இருக்கின்றன. அவற்றை வலது கைப் பக்கம் விட்டுத்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் வழிகாட்டி லாக்பா, முப்பது வயது இருக்கும், கெட்டிக்காரப் பெண். இதை எங்களுக்கு ஆறுதலாக விளக்கத் தொடங்கினாள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நீங்கள் ரவுண்டபவுட்டில் பழக்குகிற அதே பக்கம்தான்.

பிக்குணிகளின் மடம் ஒன்றிலும் ஓர் இரவு தங்கினோம். சபூரா தொழுவதற்கு மொட்டை மாடிக்குப் போனாள். மேற்கு எந்தப் பக்கம் என்று அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, வயதான பிக்குணி ஒருவர் சூரியன் விழுகிற மலையைக் கையால் காட்டிவிட்டு, உள்ளே போய் ஒரு கம்பளி விரிப்பைக் கொண்டுவந்து போட்டார். தொழுது முடியும் வரைக்கும் சுவரோரம் குந்தியிருந்து தன் மணிமாலையை உருட்டினார். காவி உடுப்பைக் கண்டால் நான் தெருவின் மற்றப் பக்கம் மாறிவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இலங்கையில் எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அது அப்படித்தான். அன்று நான் போய் அவர் பக்கத்தில் குந்தினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

சாப்பாடு உருளைக்கிழங்கு, பார்லி மா, சில வேளை பருப்பு. வெண்ணெயும் உப்பும் போட்ட தேத்தண்ணீர். தேத்தண்ணீர் என்று நினைத்தால் குடிக்க ஏலாது, சூப் என்று நினைத்தால் குடிக்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் உயிர் எதையும் கொல்லக் கூடாது என்று இவர்களின் பாட்டன் பூட்டன் காலத்தில் சத்தியம் செய்திருக்கிறார்களாம். வேட்டை இல்லை, அறுப்பு இல்லை, தேன்கூட எடுப்பதில்லையாம். ஹலாலா என்று யாரையும் கேட்கத் தேவையில்லாத ஊர் இதுதான் என்று சபூராவுக்குப் பெரிய நிம்மதி.

இனி நான் எழுத வந்த விஷயம்.

வியாழக்கிழமை பெய்த மழையில் மேலே போகிற பாதை சரிந்துவிட்டது. ஊர் ஆட்கள் திருத்தும் வரை இந்தக் கிராமத்தில் நிற்கிறோம். பதினாறு வீடுகள்தான். நாங்கள் இருக்கிற வீட்டுக்காரி யங்சென். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் வியாபாரத்துக்குக் கீழே போயிருக்கிறார். வீட்டின் கீழ்த்தட்டில் மாடுகள், மேல்தட்டில் மனிதர்கள். அவளிடம் இருப்பது யாக் கலப்பில் பிறந்த இரண்டு பசுக்கள். பால், வெண்ணெய், எரிக்கிற வரட்டி எல்லாமே அந்த இரண்டும்தான்.

வெள்ளி காலை நான் பல் துலக்கிக்கொண்டு நிற்க, யங்சென் லாக்பாவையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு பசு விடியற்காலை தொடக்கம் முக்குகிறது, கன்று வரவில்லை. மாட்டு வைத்தியர் இருக்கிற இடத்துக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். நான் சிட்னியில் பிள்ளைப்பேறு பார்த்தவள் என்று முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது சபூரா பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அதுதான் என்னிடம் வந்தாள்.

நான் பொய் சொன்னேன். எனக்குத் தலைச்சுற்று என்றேன். நான் பார்த்தது மனிதரைத்தான், மாட்டை இல்லை என்றேன். அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் கார்த்திகையில், ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை என் கையில் மூச்சில்லாமல் வந்ததிலிருந்து நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருபத்தேழு வருடம் எத்தனை பிள்ளைகளைத் தூக்கியிருப்பேன். அவ்வளவும் மறந்துவிட்டது, அந்த ஒன்றின் பாரம் மட்டும் கையில் நின்றது. யாரிலும் பிழையில்லை என்று விசாரணைக் கடிதம் வந்த அன்று, நீங்கள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் எனக்குத் தேத்தண்ணீர் போட்டீர்கள். அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் குசினிக் கதிரையில் இருந்து வேலியைப் பார்த்தேன். இந்தப் பயணத்துக்குச் சபூரா கூப்பிட்டபோது, என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்தவர் நீங்கள். எனக்கு அப்போது கோபம்.

சபூரா அறைக்குள் வந்தாள். தலைச்சுற்றுக்கு மருந்து தருவாள் என்று பார்த்தேன். தரவில்லை. "விமலா, அந்த மனுசி உங்கட முகத்தப் பாக்கல்ல. கையத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறா," என்றாள். பிறகு, "இவங்க கொல்லவும் மாட்டாங்க. உள்ளுக்கு கண்டுக்குட்டி செத்தா தாய் மூணு நாளைக்குக் கிடந்து உத்தரிக்கும். நீங்க கையப் போடுங்க, நான் பிடிச்சுக்கிறன்," என்றாள்.

போனேன்.

பசு சுவரோரம் படுத்துக் கிடந்தது. கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. கன்றின் மூக்கு நுனியும் ஒரு குளம்பும் தெரிந்தன. இரண்டு குளம்பு தெரிய வேண்டும் என்பது எனக்கே விளங்கியது. மற்றக் கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் தோள் வரைக்கும் கழுவினேன். யங்சென் ஒரு பெரிய உருண்டை வெண்ணெய் கொண்டுவந்தாள். உங்கள் மனைவி வெண்ணெய் பூசிய கையோடு மாட்டுக் கொட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்த காட்சியைச் சபூரா படம் எடுத்திருக்கிறாள். அதை எங்கள் வென்ட்வேர்த்வில் கடைக்காரர் வரைக்கும் காட்டப் போகிறாள், தடுக்க ஏலாது.

கையை உள்ளே விட்டேன். உள்ளே போனதும் அது தன் வேலையைத் தானே தொடங்கியது. தோள், முழங்கால், பிறகு குளம்பு என்று ஒவ்வொன்றாகத் தடவிக் கண்டுபிடித்தேன். பசு முக்கும்போது கையை அசைக்க முடியவில்லை, எலும்பு நெரிந்துவிடும் போல இருந்தது. அது மூச்சு விடுகிற இடைவெளியில் கன்றைப் பின்னுக்குத் தள்ளி, தாய்க்குக் காயம் வராமல் குளம்பை உள்ளங்கைக்குள் பொத்தி, மெல்ல மெல்ல முன்னுக்கு எடுத்தேன். "இப்ப முக்காத அம்மா, பொறு, பொறு," என்று தமிழில் பசுவோடு கதைத்திருக்கிறேன். கொட்டில் வாசலில் ஊரே நின்று மந்திரம் சொல்லிக்கொண்டு இருந்தது. சபூரா ஒரு பக்கம் ஓதிக்கொண்டு பசுவின் தலையைப் பிடித்திருந்தாள். இரண்டாவது குளம்பு வந்தது. பிறகு நானும் யங்செனும் லாக்பாவும் பசுவின் மூச்சோடு சேர்ந்து கீழ்நோக்கி இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது.

அது மூச்சு விடவில்லை.

இஞ்சாருங்கோ, அந்தக் கொஞ்ச நேரத்தை நான் எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும். வாயைத் துடைத்தேன், விலாவைத் தேய்த்தேன், என் கை ஓயவில்லை. யங்சென் என்னைத் தள்ளவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துக் கன்றின் மூக்குக்குள் விட்டுத் திருகினாள். ஒரு தரம். இரண்டாம் தரம். மூன்றாம் தரம் அது தும்மியது. அவ்வளவும் என் முகத்தில்.

வாசலில் நின்ற சனம் எல்லாம் சிரித்தது. யங்சென் சிரித்தாள். நான் அழுதுகொண்டு சிரித்தேன். தாய் திரும்பிக் கன்றை நக்கத் தொடங்கி, இடையிலே என் கையையும் சேர்த்து நக்கியது. நாக்கு அரம் மாதிரி. கையை எடுக்க மனம் வரவில்லை.

பசுக்கன்றுதான். பின்னேரம் எழுந்து நின்று பால் குடித்தது. அது குடித்து முடிந்த பிறகு, யங்சென் ஈன்ற பசுவின் முதல் பால், அந்தக் கடும்புப் பாலைக் கொஞ்சம் காய்ச்சி எங்களுக்கும் தந்தாள். என் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றும் போட்டாள். கன்றுக்கு என் ஊரின் பெயரை வைக்க வேண்டும் என்று லாக்பாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் வென்ட்வேர்த்வில் என்றேன். ஊரில் பதினாறு வீட்டுக்காரரும் முயன்று பார்த்தார்கள், ஒருவர் வாயிலும் நுழையவில்லை. உடனே சபூரா இடையில் புகுந்து லிட்கம் என்றாள். அது எல்லாருக்கும் வந்துவிட்டது. கை முழங்கை வரைக்கும் கன்றிப்போய்க் கிடப்பது எனக்கு, பெயர் அவளுடைய ஊருக்கு. இன்று காலையும் சின்னப் பிள்ளைகள் லிட்கம், லிட்கம் என்று கூப்பிட்டுக்கொண்டு அதன் பின்னால் திரிகிறார்கள்.

நேற்று முழுக்க ஒரே யோசனை. ராகவி மெல்பனிலிருந்து தையில் போன் எடுத்து, ஆடியில் பிள்ளை பிறக்கும்போது நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும் அம்மா என்று கேட்டாள். நான் கோயில் திருவிழாவைச் சாட்டினேன். குளிரைச் சாட்டினேன். கடைசியில் உங்கள் முழங்காலையும் சாட்டினேன். அவள் சரி அம்மா என்று வைத்துவிட்டாள். அந்த 'சரி அம்மா' என்னோடு இந்த மலை முழுக்க ஏறி வந்தது. ஊரில் இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் பேறு பார்த்தவள் சொந்தப் பிள்ளைக்குப் பயந்து ஒளித்தேன். எனக்குப் பதிலாக நீங்கள் அவளோடு கிழமைக்கு இரண்டு தரம் கதைத்து, அம்மாவுக்குக் கொஞ்சம் காலம் கொடு பிள்ளை என்று மெல்லிய குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அறைக் கதவை இன்னும் நன்றாகச் சாத்தியிருக்க வேண்டும் நீங்கள்.

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். நேற்றுக் கனவில்கூட அந்தப் பிள்ளை வந்தது. ஆனால் என் கை எழும்பி வேலை செய்ததை நான் பார்த்துவிட்டேன். எல்லாம் என் கையில் மட்டும் இல்லை என்பதையும் பார்த்தேன். துரும்பு எடுத்தவள் யங்சென்.

நாளை பாதை திறக்கும் என்கிறார்கள். மேலே இருக்கிற கடைசி மடம் வரைக்கும் போய்விட்டு, பத்தாம் திகதி கத்மண்டு வந்து போன் எடுப்பேன். இரத்த அழுத்த மருந்தை மறக்காமல் போடுங்கள். குளிர்பெட்டியில் மேல் தட்டில் இருக்கிற மீன் குழம்பை இதற்குள் முடித்திருப்பீர்கள், முடிக்காவிட்டால் கொட்டிவிடுங்கள். பழகுகிற பிள்ளைகளை நெடுஞ்சாலையில் அதட்டாதீர்கள்.

இதை வாசித்ததும் நேரம் பார்க்காமல் ராகவிக்குப் போன் எடுங்கள். வேலையில் இருந்தாலும் எடுங்கள். மாட்டுக் கதை வேண்டாம், அதை நானே சொல்ல வேண்டும். ஆனி கடைசியில் அம்மா வந்துவிடுவா, பிள்ளை பிறந்து நாற்பத்தொரு நாள் முடியும் வரைக்கும் நிற்பா என்று மட்டும் சொல்லுங்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போனை வைத்துவிடாதீர்கள், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருங்கள்.

அவளும் அந்தக் குஞ்சும் நல்ல சுகத்தோடு இருக்க இந்த மலையில் உள்ள எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். பிள்ளை எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று அவளைக் கேட்டு வையுங்கள். அவள் வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது எனக்கு.

என்றும் உங்கள்,
விமலா