எந்த வரிசையில் நிற்பது

30 ஆகஸ்ட் 1957, வெள்ளி

நாளைய மலாயா சுதந்திர ஊர்வலத்துக்கு இன்று ஒத்திகை. இனத்துக்கு ஒரு வரிசை. இந்தியர் பட்டியல் என் கையில் இருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் நாயக்கர் மலாக்காவின் கம்போங் செட்டி குடியிருப்பிலிருந்து வந்தார், நெற்றியில் திருநீறோடு. இந்தியர் என்று மலாய்க்காரர் வரிசையிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். தமிழ் வம்சம்தான், ஆனால் பல தலைமுறையாக அவர் வீட்டில் பேசுவது மலாய்தான்.

"தமிழே வராது, இவரு எப்படி சார் நம்மாளு?" என்றார் கடைக்கார மாரியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். அதை நாயக்கருக்கு மலாயில் பக்குவமாகச் சொன்னவன் நான்தான்.

"அபிஸ், மானா மாவ் பெர்டிரி?" என்றார். அப்போ, எங்கே நிற்பது? நான் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

விடிந்தால் நான் முன்னால் நின்று 'மெர்டேக்கா', அதாவது சுதந்திரம், என்று முழங்க வேண்டும். அதைச் சரியாக உச்சரிக்க எனக்குப் போன வாரம் கற்றுக்கொடுத்தவரே நாயக்கர்தான்.