கல்லூரியின் பெயர்

மல்வேர்ன், ஸ்காபரோ, கனடா
ஐப்பசி 1996

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று யூனியன்வில்லில் என் அண்ணை வீட்டுப் பிறந்தநாளில், எல்லாருக்கும் முன்னால் சண்டை பிடித்துவிட்டேன். ஆராவது சொல்லி நீங்கள் அறிவதற்கு முன் நானே எழுதுகிறேன்.

நீங்கள் அமெரிக்காவில் எங்கே படிப்பிக்கிறீர்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். உங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். கறுப்பினப் பிள்ளைகளை மற்றப் பல்கலைக்கழகங்கள் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்றே தொடங்கியது என்றும் சொன்னேன். அண்ணை சிரித்தார்.

"அதுகள் என்னத்தைக் கொம்பியூட்டர் சிப் செய்யப் போகுதுகள்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவையள் டிசைன் பண்ணின சிப்பைப் பக்டரியிலை செய்விச்சு, அது இப்ப வேலை செய்யுது. இலங்கையிலை தமிழ்ப் பிள்ளையளிட்டைக் கூடப் புள்ளி கேட்ட தரப்படுத்தலாலை கம்பஸ் கிடைக்கேல்லை எண்டு இண்டைக்கும் கத்துறியள். உங்களை விடாட்டில் அநியாயம், அவையளை விடாட்டில் பகிடியோ?"

அண்ணை அசையவில்லை. "அப்ப உன்ரை மனுசன் ஏன் என்னட்டை, 'பேரை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, அமெரிக்கன் யூனிவேர்சிற்றி எண்டு மட்டும் சொல்லுங்கோ' எண்டவர்?"

 சாப்பிடாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சிப் வேலை செய்த அன்று நீங்கள் எனக்குப் போன் எடுத்தபோது உங்கள் மாணவி டெனீஸ் அதை உங்களிடமிருந்து வாங்கி, நீங்கள் சந்தோசத்தில் அழுவதாக எனக்குச் சொன்னாள். தன் கல்லூரிப் பெயரைச் சொல்ல அவளுடைய ஆசிரியருக்கு வெட்கம் என்று அவளுக்கு யார் சொல்வது?

மார்கழி லீவுக்கு வரும்போது முதலில் அண்ணை வீட்டுக்குப் போங்கள். அந்தப் பெயரை உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு இங்கே வாருங்கள்.

கோபம் ஆறாத,
உங்கள் மனைவி