படகின் நடு இருக்கை

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று நீ கொழும்பிலிருந்து சொன்ன நாள் முதல் உன் உம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "கடலுக்கு நடுவுல சோத்துக் கடையா இருக்கு?" என்று பார்சல் கட்ட வாழையிலைக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டார். போவதற்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கிறது! நானும் கடையிலிருந்து கொஞ்சம் கராம்பு எடுத்து வைத்திருக்கிறேன். வாயில் அடக்கிக்கொண்டால் குமட்டாது.

நேற்றுத் திருகோணமலைப் படகுக்காரர் எனக்கு போன் எடுத்தார். "ஐயா, உங்கட மகள் எல்லாம் சொல்லிட்டா. வாப்பாவுக்கு பஸ்லயே தலை சுத்தும், அவருக்கு நடுவில இடம் குடுங்க எண்டு கேட்டா" என்றார்.

கடையில் ஆட்கள் நின்றார்கள். மிளகு நிறுப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன்.

உன்னைப் பெற்ற, என் கூடப்பிறந்த மூத்தவரான நானா மௌத்தாகி, உன் உம்மாவை நான் நிக்காஹ் செய்தபோது, "இனி இவர வாப்பான்னு கூப்புடு" என்று பெரியவர்கள் உன்னிடம் சொன்னார்கள். சாச்சாவாகவே இருக்கிறேன் என்று நான்தான் தடுத்தேன். அந்தச் சொல் நானாவுடையது.

பஸ்ஸில் உன்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, நான் கண்ணை மூடிக்கொண்டு வந்ததையெல்லாம் நீ கவனித்துக்கொண்டா இருந்தாய்? அல்ஹம்துலில்லாஹ்.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் எப்போதும்போலவே கூப்பிடு. படகுக்காரர் முன்னால் மட்டும், நீ அவரிடம் சொன்னதை மாற்றிவிடாதே. கரைக்குத் திரும்பும்வரை போதும்.

உன்
சாச்சா